தாமதம் யாருடையது?

2024 பிப்ரவரி 2ஆம் தேதி ஒரு மரணச் செய்தி கைப்பேசிகளில் பரவியது. முப்பத்திரண்டு வயது இந்தி நடிகை ஒருவர் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டார் என்று அவருடைய சமூக ஊடகப் பக்கமே அறிவித்தது. இரங்கல்கள் குவிந்தன. மறுநாள் அவரே காணொளியில் தோன்றினார். தான் சாகவில்லை என்றும், இந்த நோயைப் பற்றிய விழிப்புணர்வுக்காகவே இப்படிச் செய்ததாகவும் சொன்னார்.

பொய் சொன்னதற்காகப் பலரும் அவர்மீது கோபப்பட்டார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பொய்க்கு அடியில் கிடந்த நம்பிக்கையை யாரும் கேள்வி கேட்கவில்லை. இந்த நோயைப் பற்றிப் பெண்கள் கேள்விப்படாததால்தான் சாகிறார்கள், உரக்கச் சொன்னால் விழித்துக்கொள்வார்கள் என்பதே அந்த நம்பிக்கை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 80,000 பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கணக்கிட்டிருக்கிறது. நாளொன்றுக்கு இருநூறு பேருக்கு மேல். நடிகை இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட நாளிலும் அத்தனை பேர் இறந்திருப்பார்கள். அவர்கள் எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்தானா?

‘விழிப்புணர்வு’ என்ற சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. யாரைப் பார்த்து அதைச் சொல்கிறோமோ அவர் விழிக்காமல் இருக்கிறார், அதனால்தான் தாமதம் என்பது அதன் பொருள். இந்த நோயின் வரலாற்றை ஆண்டுவாரியாக எடுத்துப் பார்த்தால் தாமதங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெண்களுடைய தாமதம் எவ்வளவு, மற்றவர்களுடையது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

‘தாமதிக்காதே’ என்ற கட்டளை

புற்றுநோய் விழிப்புணர்வு என்று இன்று நாம் அறியும் பிரச்சாரத்தின் தொடக்கங்களில் ஒன்று 1913இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அந்த ஆண்டில்தான் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுக்கான அமெரிக்கச் சங்கம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் என்று பெயர் மாறியதும் இதுவே. அதே ஆண்டு, இல்லத்தரசிகள் படிக்கும் ஒரு பெரிய இதழில் புற்றுநோயைப் பற்றிய கட்டுரை வந்தது. அதுவரை அச்சில் சொல்லத் தயங்கிய பெயர் அது. 1936இல் அச்சங்கம் பெண்களைத் திரட்டி ஒரு ‘களப்படை’யே அமைத்தது. காக்கிச் சீருடை அணிந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று துண்டறிக்கை கொடுத்தார்கள், நிதி திரட்டினார்கள். அவர்கள் கொண்டுசென்ற செய்தியின் சாரம் ஒன்றுதான்: முதல் அறிகுறி தெரிந்ததும் மருத்துவரிடம் போ, தாமதிக்காதே.

அந்தப் பெண்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. வாய்விட்டுச் சொல்லக் கூசிய ஒரு நோயின் பெயரை அவர்கள் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தக் கட்டளைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. இறந்தவள் தாமதித்தவள் ஆகிவிடுகிறாள். மருத்துவர் கவனிக்காமல் விட்டாரா, மருத்துவமனை அவளைச் சேர்த்துக்கொண்டதா, அவளிடம் பணம் இருந்ததா என்ற கேள்விகள் பின்னால் போய்விடுகின்றன.

களப்படை வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அறிகுறி தெரிவதற்கு முன்பே இந்த நோயைக் கண்டுபிடிக்கும் வழி ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. கிரேக்கத்திலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த ஜார்ஜ் பாப்பனிக்கோலாவு, பெண்ணுறுப்புத் திரவத்தை மெல்லத் துடைத்தெடுத்துக் கண்ணாடிச் சில்லில் பரப்பி நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றணுக்கள் தெரியும் என்று 1928இல் அறிவித்தார். ருமேனியாவில் ஔரேல் பாபெஷும் அதே காலத்தில் இதே பாதையில் இருந்தார். மருத்துவ உலகம் அசைந்துகொடுக்கவில்லை. சதையை வெட்டி எடுத்துச் சோதிக்கும் முறை இருக்கும்போது துடைத்தெடுத்த அணுக்களை நம்புவதா என்று கேட்டார்கள். ஹெர்பர்ட் டிராட் என்ற மகப்பேறு மருத்துவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1941இலும் நூல் 1943இலும் வந்த பிறகே பாப் சோதனைக்கு ஏற்பு கிடைத்தது. இடையில் பதினைந்து ஆண்டுகள். ‘தாமதிக்காதே’ என்று பெண்களிடம் சொன்ன அதே உலகத்தின் தாமதம் இது.

அந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உடல் இருக்கிறது. பாப்பனிக்கோலாவுவின் மனைவி ஆந்த்ரோமகி, அமெரிக்காவில் மேரி என்று அழைக்கப்பட்டவர். புதிய நாட்டில் கால் ஊன்றுவதற்குத் துணிக்கடையில் பொத்தான் தைத்தார். பிறகு கணவரின் ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் உடலிலிருந்தே மாதிரிகள் கொடுத்துவந்தார். நலமான ஒரு பெண்ணின் அணுக்கள் மாதம் முழுவதும் எப்படி மாறுகின்றன என்று தெரிந்தால்தானே நோயுற்ற அணுவை அடையாளம் காண முடியும்? அந்த ‘நலமான பெண்’ மேரிதான். சோதனையின் பெயரில் கணவரின் பெயரின் முதல் பாதி நிலைத்துவிட்டது.

வந்தவளைப் பார்க்காத கண்

1951 தொடக்கத்தில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ரத்தப்போக்கோடு ஹென்ரியட்டா லாக்ஸ் வந்தார். புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்த கறுப்பினப் பெண், ஐந்து குழந்தைகளின் தாய். கறுப்பின ஏழைகளுக்குச் சிகிச்சை தந்த மிகச் சில மருத்துவமனைகளில் அது ஒன்று. அங்கும் அவர்களுக்குத் தனி வார்டு. அடிவயிற்றில் ஏதோ முடிச்சு இருக்கிறது என்று உறவுப் பெண்களிடம் அவர் முன்பே சொல்லியிருந்தார். சில மாதங்களுக்கு முன்பு அதே மருத்துவமனையில்தான் கடைசிக் குழந்தையைப் பெற்றார். பிரசவத்தின்போதும் அதற்குப் பிந்தைய பரிசோதனையிலும் கருப்பை வாயில் கட்டி இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. அவர் வராமல் இல்லை. வந்தவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது அவர்கள் பார்க்கவில்லை.

அக்டோபர் 4ஆம் தேதி, முப்பத்தொரு வயதில், அவர் இறந்துபோனார். அவரிடம் கேட்காமல் எடுக்கப்பட்ட புற்றணுக்கள் மட்டும் ஆய்வகத்தில் சாகாமல் பெருகின. அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஹீலா’ என்று அழைக்கப்பட்ட அந்த அணுக்கள் உலகமெங்கும் ஆய்வகங்களுக்குப் போயின. போலியோ தடுப்பூசி ஆய்வு முதல் எத்தனையோ ஆய்வுகளுக்கு உதவின. 1980களில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் ட்சூர் ஹௌசனின் குழு கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் 16ஆம், 18ஆம் வகைகளைக் கண்டறிந்தது. 18ஆம் வகை ஹென்ரியட்டாவின் அணுக்களிலும் இருந்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹென்ரியட்டாவின் குடும்பத்துக்கு அணுக்களைப் பற்றிய தகவல் கிடைக்கவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த அணுக்களால் லாபம் பார்த்த ஒரு பெருநிறுவனத்தோடு அவர்கள் சட்டப்படி உடன்பாட்டுக்கு வந்தது 2023இல்.

அடையாற்றில் பெண்கள் கட்டியது

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றை ஒரு பெண்கள் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். 1917இல் அடையாற்றில் உருவான இந்திய மாதர் சங்கம் வாக்குரிமைக்காகவும் குழந்தை மணத்துக்கு எதிராகவும் குரல் கொடுத்ததை நம் மாணவிகள் படித்திருப்பார்கள். அதே சங்கம்தான் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கியது என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அதற்கு முன்னின்றவர் முத்துலட்சுமி ரெட்டி. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், 1927இல் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. மருத்துவரின் உடன்பிறந்தவள், தலைநகரில் இருந்தவள், படித்த குடும்பத்துப் பெண். அவளுக்கே கதி அதுவென்றால் அறியாமையைக் காரணம் சொல்லி முடித்துவிட முடியாது என்பதை முத்துலட்சுமி உணர்ந்திருக்க வேண்டும். அடுத்த முப்பது ஆண்டுகள் அவர் கேட்டது தனி மருத்துவமனையைத்தான்.

புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் கேட்டதாக மருத்துவர் சாந்தா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கேள்வியையும் தாமதக் கணக்கில்தான் எழுத வேண்டும். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மறு ஆண்டு, அரசுப் பணி கிடைத்தும் அதை விட்டுவிட்டுச் சாந்தா அங்கே வந்து சேர்ந்தார். 2021 ஜனவரியில் தொண்ணூற்று மூன்று வயதில் இறக்கும்வரை அவருடைய வாழ்க்கை அந்த வளாகத்தில்தான் கழிந்தது. 

அந்தக் காலத்துத் தமிழ் சினிமாவும் புற்றுநோயைக் கையில் எடுத்தது. ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தில் (1962) நோயாளி கணவன், அவன் உயிருக்காகத் தவிப்பவள் மனைவி. ‘வாழ்வே மாய’த்தில் (1982) நாயகனுக்கு ரத்தப் புற்றுநோய். திரையில் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு சோகக் காதலாக, மார்புக்கு மேலே நிகழும் நோயாகவே வந்தது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்தில் கணக்கெடுக்க ஆரம்பித்தபோது பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். கூலிக்குப் போகும் நாற்பது ஐம்பது வயதுப் பெண்ணின் அடிவயிற்றில் வரும் நோய்க்குத் திரைக்கதையில் இடம் இல்லை.

வெட்கத்தின் வரலாறு

1842இல் இத்தாலியின் வெரோனாவைச் சேர்ந்த ரிகோனி-ஸ்டெர்ன் அந்த ஊரின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தார். கருப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களில் கன்னியாஸ்திரிகள் மிகக் குறைவு, மணமானவர்கள் அதிகம் என்று கண்டார். நோய்க்கும் உடலுறவுக்கும் தொடர்பு உண்டு என்ற ஊகத்துக்கு இது வழிவகுத்தது. ஊகம் சரிதான். ஆனால் அதை எடுத்துக்கொண்டு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ச்சியாளர்கள் கேட்ட கேள்வி, இவள் எத்தனை பேரோடு உறவுகொண்டாள் என்பதாகவே இருந்தது. கணவன் எத்தனை பேரோடு என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வலுப்பெற்றது. ஒரே ஆணோடு வாழ்ந்து முடித்த பெண்களுக்கும் ஏன் இந்த நோய் வருகிறது என்பதற்கு அந்தக் கேள்விதான் பதில் தந்தது.

எச்.பி.வி. மிகச் சாதாரணமான வைரஸ். உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோரை அது வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் நிலைத்துத் தங்கி, பத்து முதல் இருபது ஆண்டுகளில் புற்றாக மாறுகிறது. ஒழுக்கத்துக்கும் இதற்கும் ஒட்டும் உறவும் கிடையாது. ஆனாலும் அந்தப் பழைய கேள்வியின் வாடை இன்னும் போகவில்லை. ‘சோதனைக்குப் போனால் என்ன நினைப்பார்கள்’ என்ற தயக்கம் பெண்களின் மூடத்தனமாகச் சித்திரிக்கப்படுகிறது. அந்தத் தயக்கத்தை நூற்றாண்டுக் கணக்கில் உருவாக்கியதில் மருத்துவத்துக்கும் பங்கு இருக்கிறது.

மொழிக்கும் பங்கு உண்டு. துண்டறிக்கைகள் ‘கருப்பைக் கழுத்து’ என்று எழுதுகின்றன, அரசு சுவரொட்டிகள் ‘கருப்பை வாய்’ என்கின்றன, வீட்டில் பெண்கள் ‘கர்ப்பப்பை’ என்கிறார்கள். வெள்ளைப்படுதலையும் வாடையையும், மாதவிலக்கு நின்ற பிறகு திரும்ப வரும் உதிரத்தையும், உறவின்போது படும் ரத்தத்தையும் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பெண்களிடம் சொற்கள் இருக்கின்றன. அந்தச் சொற்களை மருத்துவர் முன் சொல்லும்போதுதான் நாக்கு இழுக்கிறது. ‘உடம்பு சரியில்ல’ என்று தொடங்கி, ‘இடுப்பு வலி’ என்று முடித்து, வலி மாத்திரையோடு திரும்பி வருகிற பெண்ணை நாம் எல்லோரும் அறிவோம். அவள் மருத்துவரிடம் போகவில்லை என்று சொல்ல முடியுமா?

திண்டுக்கல் கிராமங்களில்

பெண்கள் வரமாட்டார்கள் என்ற கூற்றை நேராகச் சோதித்துப் பார்த்த ஒரு நிகழ்வு தமிழ்நாட்டிலேயே உண்டு. 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. பிரான்சின் லியோன் நகரத்தில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையின் கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மருத்துவமனை ஆகியவை சேர்ந்து நடத்தியது அது. தலைமை தாங்கியவர் ரெங்கசாமி சங்கரநாராயணன்.

முறை மிக எளிமையானது. வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்க்க வேண்டும். புற்றாக மாறக்கூடிய இடம் வெள்ளையாகத் தெரியும். நுண்ணோக்கி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், முடிவுக்காக இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். இதைப் பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் பெரும்பாலும் அதே அமர்விலேயே தரப்பட்டது.

30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களுக்கு இந்தச் சோதனை தர முடிவாயிற்று. வந்தவர்கள் 31,343 பேர். நூற்றுக்கு அறுபத்து மூன்று பேருக்கு மேல். இணையதளம் இல்லை, நடிகை இல்லை, இளஞ்சிவப்பு நாடா இல்லை. பெண் பணியாளர் வீட்டுக்கு வந்து சொன்னார், சோதனை ஊருக்கு அருகிலேயே நடந்தது, சோதித்தவர் ஒரு பெண். 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. சோதனை கிடைத்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் வரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

இந்தப் பெருமைக்குரிய ஆய்வுக்கு ஒரு நிழலும் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 30,958 பெண்கள் சோதனை தரப்படாத குழுவில் இருந்தார்கள். மராட்டியத்தின் உஸ்மானாபாத்திலும் மும்பையிலும் நடந்த ஆய்வுகளிலும் இப்படிக் குழுக்கள் இருந்தன. மூன்றிலுமாகச் சோதனை கிடைக்காத பெண்களில் 250 பேருக்கு மேல் இந்த நோயால் இறந்தார்கள். அப்போது நாட்டில் எங்கும் பரிசோதனைத் திட்டம் இல்லை, எனவே அவர்களுக்குக் கிடைத்தது வழக்கமாக எவருக்கும் கிடைத்ததுதான், ஆதாரம் இல்லாமல் அரசை அசைக்க முடியாது என்பது ஆய்வாளர்களின் பதில். பாப் சோதனை உயிர் காக்கும் என்பது உலகுக்கு அரை நூற்றாண்டாகத் தெரிந்திருக்க, இந்தப் பெண்களை வெறுமனே எண்ணிக்கொண்டிருந்தது அறமா என்பது விமர்சகர்களின் கேள்வி. 

இரு தரப்பையும் கேட்ட பிறகு எனக்கு எஞ்சுவது வேறொரு கணக்கு. ஆதாரம் 2007இல் கிடைத்துவிட்டது. தமிழக அரசு அந்த ஆண்டே தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. அந்தப் பெருமை அதற்கு உண்டு. நாடு முழுவதற்குமான பரிசோதனை வழிகாட்டு நெறிகளை ஒன்றிய அரசு வெளியிட்டது 2016இல். ஒன்பது ஆண்டுகள். ஆதாரத்துக்காக உடலைக் கொடுத்த பெண்களுக்கு அந்த ஆதாரத்தின் பலனைத் திருப்பிக் கொடுப்பதில் ஏற்பட்ட தாமதம் அது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது கருப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. மற்ற மாநிலங்களோடு வைத்துப் பார்த்தால் தலைநிமிரலாம். அறுபத்து மூன்று பேர் வந்த திண்டுக்கல்லோடு வைத்துப் பார்த்தால் முடியாது.

கையெழுத்திட்டது யார்?

தடுப்பூசியின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயது வரையிலான சுமார் 24,000 சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் செயல்விளக்கத் திட்டம் நடந்தது. ‘பாத்’ என்ற அமெரிக்க அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசுகள் ஆகியவை சேர்ந்து நடத்தின. கம்மத்துச் சிறுமிகளில் பலர் பழங்குடியினர், விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்ததும் பெண்கள் அமைப்புகளும் நலவாழ்வு இயக்கங்களும் கம்மத்துக்குப் போய் விசாரித்துக் கேள்வி எழுப்பின. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமென்று விசாரணையில் நிறுவப்படவில்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உலகெங்கும் கோடிக்கணக்கான சிறுமிகளுக்குப் போடப்பட்டுப் பயனும் பாதுகாப்பும் உறுதிப்பட்ட தடுப்பூசி இது. தவறு வேறிடத்தில் இருந்தது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை அதைச் சுட்டியது: ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். சிறுமியிடமும் கேட்கவில்லை, தாயிடமும் கேட்கவில்லை. கேட்காமல் செய்த வேலைக்கு விலையாக நம்பிக்கை போயிற்று, பத்தாண்டுகளும் போயின. உள்நாட்டுத் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது 2022இல். அதற்குள் பஞ்சாபின் இரு மாவட்டங்களும் சிக்கிமும் தாமே தொடங்கி நடத்திக் காட்டிவிட்டன.

கடல் கடந்து பக்கத்தில் பார்த்தால் தாமதம் தவிர்க்க முடியாதது அல்ல என்பது தெரியும். இலங்கையில் 1996 முதல், நலமாக இருக்கும் பெண்களுக்கான கிளினிக் என்று பொருள்படும் பெயரில் அரசே சோதனை நிலையங்களை நடத்துகிறது. அந்தப் பகுதிப் பெண்களைப் பெயர் சொல்லி அறிந்த பொதுச் சுகாதார மருத்துவிச்சி முப்பத்தைந்து வயதானவர்களை அங்கே வரச் சொல்கிறார். 2017 முதல் ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. போர் நடந்த நாடு, பணக்கார நாடும் அல்ல.

ஒரு பக்கத்தை எப்படி வடிவமைப்பது?

இந்த நோயைப் பற்றித் தமிழில் ஓர் இணையதளம் வடிவமைக்க எங்கள் துறை மாணவிகள் முனைந்தார்கள். அவர்களுடைய வேலை, மேலே சொன்ன வரலாறு முழுவதும் ஒரு முகப்புப் பக்கத்தில் எப்படி வந்து நிற்கிறது என்பதைக் காட்டியது. இளஞ்சிவப்பு நாடா வேண்டுமா, தலையில் துணி கட்டிய பெண்ணின் படம் வேண்டுமா, ‘உங்கள் உயிர் உங்கள் கையில்’ என்று எழுதலாமா என்பவை முதலில் எழுந்த கேள்விகள். உங்கள் உயிர் உங்கள் கையில் என்பது 1936இன் ‘தாமதிக்காதே’ அன்றி வேறென்ன?

அதைவிடக் கடினமான கேள்வி, இதை யார் படிக்கப்போகிறார்கள் என்பது. 2019-21 ஆய்வின்படி இந்தியாவில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கும் பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான். தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு பேர். நாற்பத்தைந்து வயதுக் கட்டடத் தொழிலாளி இந்தப் பக்கத்தைத் தேடி வரப்போவதில்லை. வருகிறவள் அவளுடைய மகள். ஆகவே மகளிடம் பேசும் பக்கம் அது. அம்மாவைக் கூட்டிப்போக அவளுக்கு என்ன தெரிய வேண்டும்? முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனை இலவசம் என்பது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது, ஏனென்றால் அரைநாள் கூலி அதில் அடங்கியிருக்கிறது. செவிலியர் பார்ப்பார், சில நிமிடங்களே ஆகும், கொஞ்சம் கூச்சமாகவும் எரிச்சலாகவும் இருக்கலாம் என்பது. கணவரின் கையெழுத்து வேண்டியதில்லை என்பது. வெள்ளையாகத் தெரிந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல, புற்றாக மாறாமல் தடுக்கலாம் என்பது. அவள் இவற்றைக் கேட்டுத் திரும்பச் சொல்வதற்கு வீட்டுத் தமிழில், குரல் பதிவாக.

இன்னொரு பகுதியும் அந்தப் பக்கத்தில் வேண்டும். விழிப்புணர்வுத் தளங்களில் நான் காணாத பகுதி அது. நம் வட்டாரத்துச் சுகாதார நிலையத்தில் சோதனை நடக்கிறதா, பயிற்சி பெற்ற செவிலியர் இருக்கிறாரா, மறைப்புத் திரை இருக்கிறதா, குளிர்ச் சிகிச்சைக் கருவி வேலை செய்கிறதா, இல்லையென்றால் யாரிடம் மனு கொடுப்பது? கிராம சபையில் சாலைக்கும் குடிநீருக்கும் கேள்வி கேட்கும் பெண்கள் இதையும் கேட்கலாம். பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகத் தடுப்பூசி போடப்படும் என்று தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. எங்கள் பள்ளிக்கு எப்போது வரும், படிவத்தை எங்களுக்குப் படித்துக் காட்டுவீர்களா என்று தாய்மார்கள் கேட்கலாம். கம்மத்தில் கேட்கப்படாமல் போன கேள்வி அது.

2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஓர் இலக்கு வகுத்தது. 2030க்குள் பதினைந்து வயதுக்குள்ளான சிறுமிகளில் 90 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி. முப்பத்தைந்து வயதுக்குள் ஒருமுறையும் நாற்பத்தைந்துக்குள் மறுமுறையும் 70 விழுக்காட்டுப் பெண்களுக்குச் சோதனை. நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. இது பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட கெடு அல்ல, அரசுகள் ஏற்றுக்கொண்ட கெடு.

பத்து இருபது ஆண்டுகள் எடுத்து மெல்ல வளரும் நோய் இது. அத்தனை ஆண்டுகளில் ஒரு பெண் எத்தனை முறை அரசு மருத்துவமனைப் படி ஏறியிருப்பாள்! பிரசவத்துக்கு, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு, பிள்ளையின் தடுப்பூசிக்கு, மாமியாரின் சர்க்கரை மாத்திரைக்கு. அத்தனை முறையும் அவள் கண்ணுக்கு முன்னால்தான் நின்றிருக்கிறாள். முற்றிய நிலையில் வந்தவளிடம் ‘ஏம்மா இவ்வளவு நாள் கழிச்சு வந்தே?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அவள் தலைகுனிய வேண்டியதில்லை. இத்தனை முறை வந்தபோது ஏன் யாரும் பார்க்கவில்லை என்று அவள் திருப்பிக் கேட்கலாம். அவளோடு போகிற நாமும் கேட்கலாம்.